விலை உயர்ந்த ஸ்ட்ரீமரில் ஒலி நன்றாக இருக்கிறது, காரணம் புரியவில்லை. வாங்கலாமா?

கேள்வி:
வணக்கம். என்னிடம் இருப்பது மடிக்கணினி, அதிலிருந்து யூஎஸ்பி வழியாக ஒரு டிஏசி (டிஜிட்டல் எண்களை ஒலிக்கான மின்சைகையாக மாற்றும் கருவி), அப்புறம் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), இரண்டு ஸ்பீக்கர். நண்பர் தன்னுடைய விலை உயர்ந்த ஸ்ட்ரீமரை (வலையிலிருந்து பாட்டை எடுத்து டிஏசிக்கு அனுப்பும் தனிக் கருவி) ஒரு வாரம் கேட்டுப் பார்க்கக் கொடுத்திருக்கிறார். அதை ஆப்டிகல் கேபிளில் அதே டிஏசியோடு இணைத்தேன். பாடல்களும் அதே பாடல்கள்தான். ஆனால் குரல் முன்னால் வந்து நிற்கிறது. பாட்டு தொடங்கும் முன் நல்ல அமைதி. மடிக்கணினியில் அந்த இடத்தில் மெல்லிய ‘கிர்ர்’ இருக்கும், மவுஸை நகர்த்தினால் அந்தச் சத்தம் மாறும். பல மாதச் சேமிப்பைப் போட வேண்டிய பொருள், அதனால்தான் கேட்கிறேன்.

பதில் 1:
நீங்கள் கேட்டது உண்மையாகவே இருக்கும். ஆனால் அது ஸ்ட்ரீமரால் வந்ததா என்று பார்க்க வேண்டும். இழப்பில்லாத கோப்பு (பாட்டின் தரவு எதையும் விடாமல் சுருக்கியது), வால்யூமும் குறைக்கப்படவில்லை என்றால் இரண்டு கருவியும் டிஏசிக்குத் தருவது ஒரே எண்கள். வலையில் வரும் தரவில் பிழை இருந்தால் டிசிபி (வலையில் தரவை அனுப்பும் விதிமுறை) அதைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடும், பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) சேர்ந்த பிறகுதான் பாட்டு ஒலிக்கும். வழியில் எண்கள் ‘கொஞ்சம் மங்கலாக’ வந்து சேர வாய்ப்பே இல்லை.

இரண்டு சோதனை செய்யுங்கள். முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அடுத்து 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை இரண்டிலும் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து ஏசி வோல்ட் அளந்து சொல்லுங்கள். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், அங்கே சாதாரண மீட்டர்கள் பல சரியாகக் காட்டாது.

பதில் 2:
ஜிட்டரை, அதாவது எண்கள் வந்து சேரும் நேரத்தில் வரும் சிறு தடுமாற்றத்தை, மறந்துவிட்டீர்களே? நல்ல ஸ்ட்ரீமரில் அந்த நேரத்தை நடத்தும் கடிகாரம் துல்லியமாக இருக்கும்.

பதில் 1:
நியாயமான கேள்வி. ஆனால் இன்றைய டிஏசிகளில் பெரும்பாலானவை அசிங்க்ரனஸ் யூஎஸ்பி முறையில் வேலை செய்கின்றன. அதில் வேகத்தைத் தீர்மானிப்பது டிஏசியின் சொந்தக் கடிகாரம். ஆப்டிகலில்தான் அனுப்பும் கருவியின் கடிகாரத்தை டிஏசி பின்தொடர வேண்டும். ஜிட்டர் காரணம் என்றால் இவருக்கு மடிக்கணினிதான் நன்றாகக் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
சார்ஜரைக் கழற்றியதும் ‘கிர்ர்’ அடியோடு நின்றுவிட்டது! வோல்ட் அளந்தேன். ஸ்ட்ரீமரில் 2.24, மடிக்கணினியில் 2.00.

பதில் 1:
இரண்டு புதிரும் அவிழ்ந்துவிட்டன. அந்த இரைச்சல் கிரவுண்ட் லூப். அதாவது சார்ஜர், ஆம்ப் இரண்டின் தரை இணைப்பும் சேர்ந்து ஒரு மின்வளையம் ஆகிவிடுகிறது, யூஎஸ்பியின் செம்புக் கம்பி அதை டிஏசிக்குள் கொண்டுவருகிறது. ஆப்டிகலில் போவது வெறும் ஒளி, அதனால் லூப் அறுந்துவிட்டது. எந்தக் கருவியை ஆப்டிகலில் இணைத்திருந்தாலும் இதே அமைதி கிடைத்திருக்கும். ஒரு யூஎஸ்பி ஐசோலேட்டர் (தரவை விட்டு, மின்தொடர்பை மட்டும் துண்டிக்கும் சிறு கருவி) போட்டுப் பாருங்கள்.

2.24க்கும் 2.00க்கும் வித்தியாசம் ஏறக்குறைய 1 டெசிபல். இவ்வளவு சிறிய ஏற்றம் ‘சத்தம் கூடியது’ என்று தோன்றாது, ‘தெளிவு கூடியது’ என்றுதான் தோன்றும். இதில் ஏமாறாத காது கிடையாது. மடிக்கணினியின் வால்யூம் முழுதாக வைக்கப்படவில்லை என்று நினைக்கிறேன். அதைச் சரிசெய்து, வேறொருவரை உங்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி 16 முறை கேளுங்கள். 12 முறையாவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம்.

பதில் 3:
நான் இத்தகைய ஸ்ட்ரீமர் ஒன்றைச் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். விசிறிச் சத்தம் இல்லை, கணினியைத் திறக்க வேண்டாம், வீட்டில் எல்லோரும் கைப்பேசியிலிருந்தே பாட்டை மாற்றலாம். அந்த வசதிக்காக வாங்கியதில் எனக்கு வருத்தமே இல்லை. சில ஸ்ட்ரீமர்களில் அறைக்கேற்ற ஒலித்திருத்தமும் உண்டு, அது ஒலியை நிஜமாகவே மாற்றும். வெறும் டிஜிட்டல் வெளியீட்டிலிருந்து அதை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
வால்யூம் 100க்குக் கீழேதான் இருந்தது. முழுதாக வைத்ததும் வோல்ட் சமமாகிவிட்டது. என் தங்கை மாற்றிப் போட, 16க்கு 9 தான் சரி. நான்காவது முறையிலேயே ஊகிக்கத் தொடங்கிவிட்டேன். ஸ்ட்ரீமரை நாளை திருப்பிக் கொடுக்கிறேன். ஐசோலேட்டர் வாங்கப் போகிறேன். ஸ்பீக்கர்கள் இப்போது சுவரோடு ஒட்டி இருக்கின்றன, பேஸ் (தாழ்ந்த ஒலி) குழம்புகிறது. எவ்வளவு முன்னால் இழுக்கலாம்?

பதில் 1:
அரை மீட்டரில் தொடங்கி, ஒரு கையகலமாக நகர்த்திக் கேளுங்கள். அறையின் அளவையும் போடுங்கள், பார்ப்போம்.