தோழிகள் ஊர் திரும்பிவிட்டார்கள், நான் லைப்சிக்கில் தங்கிவிட்டேன்: எங்கிருந்து தொடங்குவது?

மாலைவெயில்:

நாங்கள் மூன்று பெண்கள், கல்லூரியிலிருந்தே தோழிகள். புடாபெஸ்ட், வியன்னா, பிராக் என்று இருபது நாட்கள் ஒன்றாகச் சுற்றிவிட்டு, பிராக்கிலிருந்து ரயிலில் டிரெஸ்டன் வழியாக ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு வந்து சேர்ந்தோம். அந்த வழியில் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார வேண்டும். ஆறு கூடவே வரும். எல்லையை நெருங்கும்போது மறுகரையில் மணற்பாறைகள் செங்குத்தாக எழுந்து நிற்கும். டிரெஸ்டன் வரும்வரை மூவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் சுற்றுலா விசாவில் வந்தவர்கள், திரும்பிவிட்டார்கள். எனக்கு இங்கே வேலை. வரும் முதல் தேதி சேர வேண்டும்.

பயணத்தில் ஆளுக்கொரு பொறுப்பு. ஒருத்தி வழி பார்ப்பாள், ஒருத்தி கணக்கு எழுதுவாள், டிக்கெட்டும் தங்குமிடமும் என் பாடு. இப்போது தெருமுனைக்கு வந்ததும் எந்தப் பக்கம் என்று கேட்கத் திரும்புகிறேன், பக்கத்தில் ஆள் இல்லை. கணக்கு நோட்டை அவள் என்னிடமே விட்டுப் போயிருக்கிறாள். கடைசி வரி அவள் கையெழுத்தில்: "தண்ணீர், 3 பாட்டில்." அந்தக் காலி பாட்டில்கள் இன்னும் ஜன்னல் விளிம்பில் நிற்கின்றன. எடுத்துப் போட மனம் வரவில்லை.

இது ஆறு மாத உள்வாடகை அறை. வந்து ஐந்து நாள் ஆகிறது. முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். அறையைக் கொடுத்தவரோ, "கொஞ்ச காலம்தானே, அதெல்லாம் வேண்டாம்" என்கிறார். நான் எதை முதலில் செய்வது? மூவரும் சேர்ந்து பார்த்த இடங்களுக்குத் தனியாகப் போனால் மனம் இன்னும் கனக்குமா, பழகிவிடுமா? இப்படி வந்து தங்கியவர்கள் சொல்லுங்கள்.

கால்வாய்க்கரை:

தங்கைக்கு, பதிவுதான் முதல் வேலை. அதில் விட்டுக்கொடுக்காதே. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். 2015 நவம்பரிலிருந்து நாடு முழுவதும் இதுதான் நடைமுறை. சான்று தருவது அவருடைய கடமை, அவர் நமக்குச் செய்யும் உதவி அல்ல. மறுத்தால் அதை உடனே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. மறுப்பவருக்கு 1,000 யூரோ வரை அபராதம் விதிக்க இடமுண்டு. இதைக் கோபமில்லாமல், எழுத்தில், ஒரு தேதி குறிப்பிட்டுக் கேள். நேரில் போக உடனே நேரம் கிடைக்காவிட்டாலும், கிடைக்கும் நாளுக்கு இன்றைக்கே முன்பதிவு செய்து, அதன் அத்தாட்சியை எடுத்து வைத்துக்கொள்.

இரண்டாவது, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை: தபால் பெட்டியில் உன் பெயரை ஒட்டு. இங்கே வீட்டுக் கதவுக்கு எண் கிடையாது. ஒரே கட்டிடத்தில் இருபது குடும்பம் இருந்தாலும் தபால்காரர் பெட்டியின் மேல் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். நானும் உள்வாடகைக்காரன்தான். பெட்டியில் என் பெயர் இல்லாமல் முதல் மாதம் முழுவதும் ஒரு கடிதமும் வரவில்லை. பதினோரு இலக்க வரி எண் தபாலில் வர வேண்டும், சம்பளம் போடும் இடத்தில் அதைக் கேட்டபடி இருந்தார்கள். தினமும் மாலை அந்தச் சின்னத் தகரக் கதவின் முன் நின்றிருக்கிறேன். கடைசியில் கட்டிடத்தைப் பெருக்க வரும் அம்மாள்தான் என்னைப் பார்த்துவிட்டு, தன் கைப்பையிலிருந்து ஒட்டுத் தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தார். நான் எழுதி ஒட்டியதை விரலால் நன்றாக அழுத்திவிட்டுப் போனார். அந்த ஆண்டு இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் அன்பு அதுதான்.

மனம் கனக்குமா என்று கேட்டிருக்கிறாய். கனக்கும். ஆனாலும் போ. மூவரும் பார்த்த இடங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரே இடத்துக்கு, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் போ. சுற்றுலாவில் ஓர் இடத்தை ஒரு முறைதான் பார்க்கிறோம், குடியிருப்பவர்தான் அதை நாற்பது முறை பார்க்கிறார். என்னைக் காப்பாற்றியது தாமஸ் தேவாலயம். இசையமைப்பாளர் பாக் 1723 முதல் 1750இல் இறக்கும்வரை இசை நடத்திய இடம் அது, அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. வெள்ளி மாலை 6 மணிக்கும் சனி பிற்பகல் 3 மணிக்கும் மோட்டெட் என்னும் தேவாலயப் பாடல்களைப் பாடுவார்கள். பள்ளி விடுமுறையில் தேவாலயத்தின் சிறுவர் பாடகர் குழு இருக்காது, வேறு குழுக்கள் பாடும். எனக்கு அப்போது ஜெர்மன் தெரியாது, கிறித்தவனும் அல்லன். ஆறாவது வெள்ளியோ ஏழாவதோ, பக்கத்து இருக்கை முதியவர் நான் வரத் தாமதமானபோது தன் மேல்கோட்டை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார். எங்களுக்குள் அதுவரை பேச்சே இருந்ததில்லை.

சைக்கிள்காரி:

மேலே சொன்னது முழுக்கச் சரி. பணம் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஆறு மாதம் கழித்து வேறு வீடு தேடும்போது முன்பணம் கேட்பார்கள். அது மூன்று மாதக் குளிர்வாடகைக்கு, அதாவது சூடேற்றும் செலவு போன்றவை சேராத வாடகைக்கு, மேல் போகக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு சென்ட்கூட அனுப்பாதீர்கள். நான் அனுப்பி இழந்திருக்கிறேன். பதிவு செய்த பிறகு பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணம் என்று கடிதம் வரும், பயப்பட வேண்டாம். மாதம் 18.36 யூரோ, ஆளுக்கல்ல, வீட்டுக்கு ஒன்று. உடன் குடியிருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை எழுதி அனுப்பினால் போதும்.

மாலை நேரத்தில் கிளாரா செட்கின் பூங்காவில் சாக்சன் பாலத்துக்குப் போங்கள். வண்டிகள் வராது. பாலத்தின் விளிம்பிலேயே எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். தனியாக உட்கார்ந்தாலும் அங்கே தனிமை தெரியாது.

வடகரை:

ஜன்னலில் இருக்கும் பாட்டில்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பாட்டிலும் டப்பாவும் வளைந்த அம்பும் கொண்ட குறி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. நசுக்காமல் பேரங்காடி வாசலில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், கடைகள் மூடியிருக்கும்.

இன்னொன்று. தோழிகளிடம் தினமும் பேசுங்கள். ஆனால் வழி கேட்டுப் பேசாதீர்கள். நான் ஒரு வருடம் அப்படித்தான் இருந்தேன். அடுத்த தெருவில் மருந்துக்கடை எங்கே என்று ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் அண்ணனைக் கேட்பேன். என் ஊரை நான் பார்க்கவே இல்லை.

மாலைவெயில்:

எல்லோருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

அண்ணா சொன்னபடி எழுத்தில் கேட்டேன், தேதியும் குறித்தேன். இரண்டாம் நாளே கையெழுத்திட்ட சான்று வந்துவிட்டது. பதிவு முடிந்தது. தபால் பெட்டியில் பெயர் ஒட்டினேன். என் பெயர் நீளம், இரண்டு வரியாக மடக்கி எழுத வேண்டியிருந்தது. இன்னும் கடிதம் எதுவும் வரவில்லை, தினமும் திறந்து பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை தேவாலயத்துக்குப் போனேன். வழியை யாரிடமும் கேட்கவில்லை. ஒரு முறை தவறாகத் திரும்பி நிக்கோலாஸ் தேவாலயத்தின் முன் போய் நின்றேன். 1989 அக்டோபர் 9 அன்று அப்போதைய கிழக்கு ஜெர்மனி அரசை எதிர்த்து எழுபதாயிரம் பேர் போன ஊர்வலம் தொடங்கிய இடம் என்று நாங்கள் மூவரும் படித்த பலகையை இந்த முறை முழுவதும் படித்தேன். அன்று பாதியில் நகர்ந்துவிட்டோம், எனக்குப் பசி என்று.

நேற்று பாட்டில்களை எடுத்துப் போனேன். மூன்றிலும் அந்தக் குறி இருந்தது. நோட்டில் அவளுடைய கடைசி வரிக்குக் கீழே என் கையெழுத்தில் எழுதினேன்: "வரவு, 0.75. ஆளுக்கு 0.25." அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இருவருக்கும் அனுப்பினேன். கணக்குக்காரி உடனே பதில் போட்டாள், தேதி போட மறந்துவிட்டாய் என்று. போட்டுவிட்டேன்.