குடும்பக் குழு: கடலோர நகரத்தில் அம்மாவும் அக்காவும்

சனிக்கிழமை

அக்கா (இரவு 8:14): [12 படங்கள்]
கடற்கரைச் சாலை, கலங்கரை விளக்கம், அப்புறம் அம்மா. நேரில் பார்த்ததில் பாதிகூடப் படத்தில் இல்லை. ஏன் சித்தப்பா?

நான் (8:16): அம்மா முகமே தெரியவில்லை அக்கா. வெறும் கறுப்பு உருவம்தான் இருக்கிறது.

சித்தப்பா (8:21): சூரியன் கடலில்தானே இறங்கியது? அப்படியென்றால் உங்களுக்குக் கடல் மேற்கே. சாயங்காலம் அண்ணியைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தால் வெயில் அவர் முதுகில் விழும். போன் வானத்தின் வெளிச்சத்தைப் பார்த்து அளவு வைத்துக்கொள்ளும், முகம் இருண்டுவிடும்.

சித்தப்பா (8:22): அதே இடத்துக்குக் காலையில் போம்மா. வெயில் ஊர்ப் பக்கமிருந்து வரும். முகமும் தெளியும், கடலும் நீலமாக வரும்.

சித்தப்பா (8:25): ஏழாவது படத்திலிருந்து எல்லாம் பால் தெளித்த மாதிரி மங்கல். தெருவிளக்கைச் சுற்றிப் பெரிய வட்டம். லென்ஸில் உப்பு படிந்திருக்கிறது.

அக்கா (8:27): ஆமாம், தொட்டால் பிசுபிசுக்கிறது. சட்டை நுனியால் துடைத்துவிடவா?

சித்தப்பா (8:27): வேண்டாம்! காய்ந்த உப்பைத் தேய்த்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடு, அப்புறம் உலர்ந்த துணி. காற்று அடிக்கும்போது அடிக்கடி பார்த்துக்கொள்.

அம்மா (8:40): என் கண்ணாடியிலும் அதேதான் தம்பி. நான் பனி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

அக்கா (காலை 7:48): 6 மணிக்கே வந்துவிட்டோம். ஊருக்குப் பின்னால் மலை இருப்பதால் வெயில் வர நேரமானது. முதலில் தூரத்துக் கடல் மின்னியது. அப்புறம் படகுகள். கடைசியில்தான் அம்மா முகத்துக்கு வந்தது. [4 படங்கள்]

நான் (7:55): நெற்றிச் சுருக்கம்வரை தெரிகிறது! ஆனால் கடல் வலது பக்கம் சரிந்திருக்கிறது.

சித்தப்பா (8:03): கேமரா செட்டிங்கில் கிரிட் கோட்டைப் போட்டுக்கொள். அடிவானம் அந்தக் கோட்டோடு ஒட்டட்டும். பிறகு நேராக்கினால் ஓரம் வெட்டுப்படும், கலங்கரை விளக்கத்தின் தலை போய்விடும். இப்போது அடிவானம் அண்ணி கழுத்தை அறுக்கிற மாதிரி போகிறது. போனை மார்பளவுக்கு இறக்கிப் பிடி, தலை வானத்தில் தனியாக நிற்கும்.

அம்மா (8:10): ஒரு படத்துக்குப் பத்து தடவை நிற்கிறேன். கடலைப் பார்க்கவே நேரமில்லை.

சித்தப்பா (8:14): நியாயம் அண்ணி. பாப்பா, சாயங்காலம் அம்மாவைத் திரும்பச் சொல்லாதே. அவர் பாட்டுக்குக் கடலைப் பார்க்கட்டும். நீ சுவர் ஓரமாக நின்று ஊர்ப் பக்கம் திரும்பி எடு. எல்லாரும் சூரியனையே எடுக்கிறார்கள். எனக்கு அந்த வெளிச்சம் விழுகிற முகம்தான் வேண்டும்.

சித்தப்பா (8:15): பாறையில் இறங்காதே. பாசி வழுக்கும். அலைக்கு முதுகு காட்டி நிற்கவே கூடாது.

சித்தப்பா (8:17): சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதே. அதற்கப்புறம் 20 நிமிடம் போல வானம் கருநீலமாக இருக்கும், ஊர் விளக்குகளும் எரியும். போனைச் சுவரில் சாய்த்து, 3 நொடி டைமர் வைத்து எடு. கை நடுக்கம் வராது.

நான் (8:20): டாக்குமென்டாக அனுப்பு அக்கா. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடுகிறது.

அக்கா (மாலை 7:12): [டாக்குமென்ட்]
ஒன்றுதான் அனுப்புகிறேன்.

நான் (7:15): அக்கா... இதைப் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்ட வேண்டும்.

சித்தப்பா (7:19): அண்ணி கண்ணாடியில் பார், சூரியன் இரண்டு புள்ளியாக இருக்கிறது. பின்னால் வீட்டுச் சுவரெல்லாம் ஆரஞ்சு. அருமை பாப்பா.

அம்மா (7:31): நான் எப்போது சிரித்தேன்?

அக்கா (7:32): அந்தச் சின்னப் படகு கரைக்கு வந்ததே அம்மா, முன்னால் ஒரு நாய் நின்றுகொண்டு. அப்போது.