ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: அவர்கள் சொல்லும் 'அச்சோ' நம்முடைய அச்சோ இல்லை

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பஸ்ஸை விட்டுவிட்டேன், வரக் கொஞ்சம் தாமதமாகும் என்று கூட வேலை செய்யும் அம்மையாருக்குச் செய்தி அனுப்பினேன். ரோமன் எழுத்தில் பதில் வந்தது: 'அச்சோ'. அடடா, நம்மைப் போலவே பரிதாபப்படுகிறாரே என்று மனம் குளிர்ந்துபோனது. மறுநாள் மீட்டிங் நாலு மணிக்கு மாறிவிட்டது என்று எழுதினேன். அதற்கும் அச்சோ. வெள்ளிக்கிழமை, என் மனைவி எல்லோருக்கும் கேக் செய்து கொடுத்திருக்கிறாள் என்றேன். அதற்கும் அச்சோ! கேக்குக்கு எதற்கு அச்சோ என்று அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது. அவர் எழுதியது 'ஆஹ் ஸோ'. 'ஓ, அப்படியா' என்று அர்த்தம். அவ்வளவுதான். ஒரு வாரமாக எனக்குக் கிடைத்த அனுதாபம் எல்லாம் நானே எனக்குக் காட்டிக்கொண்டது.

ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. தெரியாத வார்த்தையால் நான் பெரிதாக மாட்டிக்கொண்டதே இல்லை. தெரியவில்லை என்றால் அகராதியைப் பார்ப்போம், யாரையாவது கேட்போம். தெரிந்த மாதிரி இருக்கும் வார்த்தையைத்தான் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. என்னைக் கவிழ்த்தவை எல்லாம் அந்த வகைதான்.

இதைக் கேளுங்கள். சேர்ந்து பத்து நாள் இருக்கும். "ஷெஃப் உங்களைத் தேடினார்" என்றார்கள். மதியம் கேன்டீனில் தட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. அதற்காகச் சமையல்காரர் மாடி ஏறி வந்துவிட்டாரா என்று பயந்துபோனேன். இங்கே ஷெஃப் என்றால் மேலாளர். அவரைப் போய்ப் பார்த்தேன், ஏதோ கையெழுத்து வாங்கினார், கிளம்பும்போது சிரித்த முகத்தோடு ஒரு வாக்கியம் சொன்னார். அதில் 'ஃபையர்' என்பது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. பத்தே நாளில் வேலை போய்விட்டது, அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள், என்ன மனிதர்கள் இவர்கள் என்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன். அவர் சொன்னது 'ஷோனன் ஃபையர்ஆபெண்ட்'. பிரித்துப் பார்த்தால் கொண்டாட்டம், மாலை என்று இரண்டு சொல். இன்றைய வேலை முடிந்தது, நிம்மதியாகப் போய் ஓய்வெடுங்கள் என்பதுதான் பொருள். கொண்டாட்டம் என்று பிரித்துப் புரிந்துகொண்ட இன்னொரு நண்பர், எங்கேயோ பார்ட்டி போலிருக்கிறது என்று வரவேற்பறையில் முக்கால் மணி நேரம் காத்திருந்தார். அவர் நிலைமைக்கு என் நிலைமை தேவலை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்த ஃபையர்ஆபெண்ட் வந்துவிட்டால் அலுவலக விஷயமாக யாரையும் போனில் கூப்பிடாதீர்கள். ஏழு மணிக்குக் கூப்பிட்டு அவர் எடுக்கவில்லை என்றால் கோபம் என்று நினைக்க வேண்டாம். காலையில் வழக்கம்போல்தான் பேசுவார்.

அடுத்தது வீடு. விளம்பரத்தில் கால்ட்மீட்டெ, வார்ம்மீட்டெ என்று இரண்டு தொகை போட்டிருப்பார்கள். குளிர் வாடகை, சூட்டு வாடகை. "பனிக்காலம் வேறு வருகிறது, நூறு இருநூறு போனால் போகட்டும், சூடான வீட்டையே பாருங்க" என்றாள் என் மனைவி. இரண்டும் ஒரே வீட்டுக்குத்தான்! குளிர் வாடகை என்பது வெறும் இடத்துக்கு. வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை போன்றவற்றுக்கு மாதா மாதம் கட்டும் முன்தொகையையும் சேர்த்தால் சூட்டு வாடகை. அதிலும் கரண்ட், இன்டர்நெட் பெரும்பாலும் சேராது, தனியாக எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் கேட்கும் முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

'மூன்று அறை வீடு' என்றால் மூன்று படுக்கையறை இல்லை. ஹாலையும் சேர்த்து மூன்று. அப்புறம் சமையலறை. அறை இருக்கும், சமையல் இருக்காது. நாங்கள் பார்க்கப் போன முதல் வீட்டில் நாலு சுவர், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு குழாய், அடுப்புக்கு ஒரு ஒயர், வேறு ஒன்றுமே இல்லை. திருட்டுப் போய்விட்டதோ என்று நினைத்தோம். முன்பு இருந்தவர் மேடை, அலமாரி, தொட்டி எல்லாவற்றையும் கழற்றி எடுத்துப் போய்விட்டார், இங்கே அது சகஜம். விளம்பரத்தில் ஈ.பி.கே. என்று மூன்று எழுத்து இருந்தால்தான் உள்ளே சமையலறை உண்டு.

குடி வந்த பிறகு நடந்த கதை இன்னும் நன்றாக இருக்கும். ஒரு சனிக்கிழமை எங்கள் கதவுக் கைப்பிடியில் சின்னதாக ஒரு மரப்பலகை தொங்கியது. அழகான எழுத்து, ஓரத்தில் ஒரு துடைப்பம் படம். புதிதாக வந்தவர்களுக்கு வரவேற்புப் பரிசு வைத்திருக்கிறார்கள், எவ்வளவு நல்ல மனசு என்று உள்ளே எடுத்துப் போய் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். இரண்டு வாரம் கழித்து மேல்வீட்டுப் பாட்டி பெல் அடித்தார். வணக்கம் சொன்னார், மாடிப்படியைக் காட்டினார், பிறகு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து சுவரில் தொங்கிய பலகையைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கோபமில்லை, சிரிப்புமில்லை. சுவருக்கும் எனக்குமாக இரண்டு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பெயர் கேர்வோஹெ, பெருக்கும் வாரம். பலகை யார் கதவில் தொங்குகிறதோ அந்த வாரம் படிக்கட்டு அவர் பொறுப்பு. முடித்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். நான் ஆணி அடித்ததால் கட்டடம் முழுக்க முறை நின்றுபோயிருந்தது. 1492-லேயே இந்த நகரச் சட்டத்தில் சுத்தம் பற்றிய விதி இருந்தது, அதுதான் இதற்கு மூலம் என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நகராட்சி 1988-ல் தன் பங்குக்கு இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் செய்துதான் ஆக வேண்டும். எழுதியிருக்கும். பாட்டியும் மேலேயே இருப்பார்.

இப்போது பெயர் விவகாரம். இது நமக்கென்றே எழுதி வைத்த தலைவலி. அப்பா பெயர் குப்புசாமி, என் பெயர் செந்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் போய் உட்கார்ந்துவிட்டது. முதல் தடவை டாக்டரிடம் போனபோது, "ஹெர் குப்புசாமி, பிட்டெ!" என்று கூப்பிட்டார்கள். அப்பா எங்கே இங்கே வந்தார் என்று நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் எழுந்தேன். பதினோரு வருடமாக இந்த ஊரில் என் அப்பாதான் வேலைக்குப் போகிறார், வரி கட்டுகிறார், ஒரு தடவை பார்க்கிங் அபராதமும் கட்டியிருக்கிறார்.

என் மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் செந்தில். மகளுக்கும் செந்தில். ஆகவே நான் திரு. குப்புசாமி, அவள் திருமதி செந்தில். அப்படியானால் திரு. செந்தில் எங்கே? இதை வீட்டுக்காரர் ரொம்ப நாகரிகமாக, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு என்னிடமே கேட்டார். நான்தான் செந்தில் என்றேன். அப்போது குப்புசாமி? அதுவும் நான்தான். 'ஆஹ் ஸோ' என்றார். அந்த ஒரு தடவை மட்டும் அது நம் அச்சோ மாதிரியே கேட்டது.

ஆகவே தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் வீட்டில் இருக்கும் எல்லாக் குடும்பப் பெயரையும் எழுதி ஒட்டிவிடுங்கள். இங்கே வீட்டு எண் மட்டும் போதாது, பெட்டியில் பெயர் இல்லை என்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை, இன்ஷூரன்ஸ், எல்லாமே கடிதமாகத்தான் வரும். குடிவந்து இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ததும், ஒலிபரப்புக் கட்டணம் என்று ஒரு கடிதமும் வரும். மாதம் 18.36 யூரோ. என்னிடம் டிவியே இல்லை, ஏதோ விளம்பரம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். வீட்டுக்கு ஒன்றுதான், ஆளுக்கு ஒன்று இல்லை. நாலு பேர் சேர்ந்து இருந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

மணி சொல்வதைப் பற்றி எச்சரிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 'ஹால்ப் ட்ரை' என்றால் அரை, மூன்று. உடனே நம் மூளை மூன்றரை என்று போட்டுவிடும். இல்லை, இரண்டரை! மூன்றாவது மணி பாதி ஓடியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. இந்த ஊர்ப் பக்கம் இன்னும் ஒரு படி மேலே போவார்கள்: 'கால் மூன்று' என்றால் இரண்டேகால், 'முக்கால் மூன்று' என்றால் இரண்டே முக்கால். வீடு பார்க்கப் போய் ஒரு மணி நேரம் தாமதமாக நின்றேன், வீடு போயிற்று. இப்போதும் யாராவது 'ஹால்ப்' என்றால் 14:30தானே என்று எண்ணாகவே திருப்பிக் கேட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் நமக்குச் சாதகம். 'இன்றைக்கு எட்டு நாளில்' என்றால் அடுத்த வாரம் இதே கிழமை. நம் 'எட்டாம் நாள்' கணக்கேதான்.

கேக்குக்கு வருகிறேன். காபிக்குக் கூப்பிட்டால் மூன்று, நாலு மணிக்குக் காபியும் கேக்கும், அதோடு சரி. இரவுச் சாப்பாடு உண்டு என்று வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போகாதீர்கள். நான் போனேன். செர்ரிப் பழம் வைத்த கேக், மேலே இரண்டு விரல் கனத்துக்கு க்ரீம். முதல் துண்டு போன இடம் தெரியவில்லை. "இன்னொரு துண்டு?" என்று கரண்டியோடு வந்தார் அந்த வீட்டு அம்மா. உடனே சரி என்றால் அலைகிறான் என்று நினைப்பார்களே என்று, அடக்கமாகச் சிரித்து 'டாங்கெ' என்றேன். நன்றி சொன்னால் எப்படியும் தட்டில் விழும் என்று கணக்கு. கரண்டி அப்படியே திரும்பிப் போயிற்று. இங்கே சாப்பாட்டு மேஜையில் வெறும் 'டாங்கெ' என்றால் வேண்டாம், நன்றி என்று பொருள். வேண்டும் என்றால் 'யா, கெர்ன' என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை வற்புறுத்துகிற வழக்கமும் இல்லை. வேண்டாம் என்று சொன்னவரை மறுபடி கேட்பது அவரைத் தொந்தரவு செய்வதாக நினைக்கிறார்கள். என் கண் முன்னாலேயே அந்தக் கேக்குக்கு மூடி போட்டார்கள்.

எதிர்மறைக் கேள்வியிலும் இப்படியொரு பள்ளம் இருக்கிறது. "நீங்கள் சாப்பிடவில்லையா?" என்று கேட்டால் நாம் "ஆமாம், சாப்பிடவில்லை" என்போம். இங்கே அந்த 'யா' அவர்களைக் குழப்பிவிடும். சாப்பிடவில்லை என்றால் 'நைன்'. சாப்பிட்டாயிற்று என்றால் அதற்கென்றே 'டோஹ்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 'அதெல்லாம் சாப்பிட்டாச்சு' என்கிற தொனி அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் எனக்கு மிகப் பிடித்த சொல் அதுதான். போன் நம்பரை ஆங்கிலத்தில் சொல்லும்போது 'நைன்' என்று ஒன்பதைச் சொன்னால், எதிரில் இருப்பவர் எதை மறுக்கிறீர்கள் என்று நிமிர்ந்து பார்ப்பார். அதையும் கவனியுங்கள்.

கிஃப்ட் என்றால் விஷம், இதை எல்லோரும் சொல்லியிருப்பார்கள். பாட் கான்ஸ்டாட் என்று பெயர்ப்பலகையில் பார்த்தால், அந்த முதல் சொல்லை ஆங்கில 'பேட்' என்று படித்து மோசமான ஏரியா என்று நினைக்க வேண்டாம். பாட் என்றால் குளியல், ஊற்று நீருக்குப் பேர்போன இடம், 1933-லிருந்து அந்த அடைமொழி. பக்கத்து வீட்டுப் பையன் பத்து வயதில் கிம்னாசியும் போகிறான் என்றால் உடம்பைத் தேற்ற இல்லை, அது மேல்நிலைப் படிப்புக்கான பள்ளி.

வகுப்பில் படித்த ஜெர்மனும் இந்த ஊரில் முழுசாகச் செல்லாது. சுவாபியம் என்கிற இந்தப் பகுதி வட்டாரப் பேச்சு வேறு. அலமாரியைப் பொருத்த ஒரு நண்பர் உதவிக்கு வந்தார். "ஹேப்!" என்றார். தூக்கு என்று படித்திருக்கிறேன், தூக்கினேன். "ஹேப், ஹேப்!" என்று கத்தினார். இன்னும் தூக்கினேன். அவர் கையில் இருந்த திருகாணி கீழே விழுந்து உருண்டது. இங்கே அதற்குப் பிடி என்று அர்த்தம். அதே போல டெப்பிஹ் என்றால் மற்ற ஊர்களில் தரைக் கம்பளம், இங்கே போர்த்திக்கொள்ளும் போர்வை. ஃபூஸ் என்றால் பாதம் என்று படித்திருப்பீர்கள், இவர்களுக்கு இடுப்பிலிருந்து விரல் நுனி வரை எல்லாமே ஃபூஸ். நம் 'கால்' போலத்தான், எனக்கு அதில் சிரமமே இல்லை.

எல்லாமே சிரிக்கிற விஷயமும் இல்லை. வேலையை விட்டால் நற்சான்றுக் கடிதம் வாங்குவது உங்கள் உரிமை. நண்பர் ஒருவருக்கு 'எப்போதும் முயற்சி செய்தார்' என்று எழுதிக் கொடுத்தார்கள். பெருமையோடு குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார், மாமாக்கள் எல்லாம் கைதட்டும் படம் அனுப்பினார்கள். அதற்கு உண்மையான அர்த்தம், முயற்சி செய்தார், ஒன்றும் நடக்கவில்லை என்பது. 'எங்களுக்கு முழுத் திருப்தி' என்று மட்டும் இருந்தால் சுமார் ரகம். 'எப்போதும்' சேர்ந்தால் நன்று. 'எப்போதும் மிக முழுமையான திருப்தி' என்று, இலக்கணத்துக்கே ஒவ்வாத ஒரு 'மிக' சேர்ந்தால்தான் முதல் தரம். கையில் வாங்கியதும் விவரம் தெரிந்தவரிடம் காட்டி, தேவைப்பட்டால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

மதிப்பெண்ணும் தலைகீழ்தான். பள்ளியில் 1 என்றால் உச்சம், 6 என்றால் அடிமட்டம். மகள் கணக்கில் 1 வாங்கினாள் என்று போனில் சொன்னதும் அப்பா, அதாவது அசல் குப்புசாமி, கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "பரவாயில்லப்பா, குழந்தையைத் திட்டாத" என்றார்.

அந்த மகள்தான் போன மாதம் விளையாட்டு மைதானத்தில் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சறுக்குமரத்தில் ஏறத் தயங்கிய அவள் தம்பியைப் பார்த்து நான் "போ, போ, போ!" என்று உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தேன். சுற்றியிருந்த ஜெர்மன் குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. "அப்பா, இங்க 'போ'ன்னா புட்டம்பா" என்றாள். இப்போது 'ஏறு' என்று சொல்கிறேன்.