இண்டி கேம் கேரக்டர்களை ஒரே சண்டை கேமில் சேர்க்கிறோம்: அடி உறைக்கவில்லை, ஆன்லைனில் டீசிங்க்

மயிலை_பிட் (கேள்வி)

வணக்கம். கோடோ 4 என்ஜினில் (கேம் செய்யும் மென்பொருள்) ஸ்மாஷ் வகை பிளாட்ஃபார்ம் ஃபைட்டர் ஒன்று, அதாவது சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் போல எதிராளியை மேடைக்கு வெளியே தள்ளும் சண்டை கேம், செய்துகொண்டிருக்கிறோம். சென்னையில் மூன்று பேர், சிங்கப்பூரில் ஒருவர். வெவ்வேறு இண்டி கேம்களின் கேரக்டர்கள் ஒரே மேடையில் மோத வேண்டும் என்பதுதான் திட்டம். இப்போது நான்கு கேரக்டர்கள்: செலஸ்ட்டின் மேடலின், ஷவல் நைட், டவுன்வெல்லின் வெல்டாரோ, எங்கள் சொந்தக் கேரக்டர் ஒன்று. திரை 960×540, நொடிக்கு 60 ஃப்ரேம். நிற்கும் உடல் உயரம் எல்லோருக்கும் 66 பிக்சல், மேடை அகலம் 600.

மேடலினின் வேகங்களை மூல கேமின் எண்களிலிருந்து உயர விகிதப்படி அப்படியே மாற்றினோம். அவளைப் பிடிக்கவே முடியவில்லை, மற்றவர்கள் சேற்றில் நடப்பதுபோல இருக்கிறது. அடிகளும் பஞ்சில் குத்துவதுபோல இருக்கின்றன. ஒரே கணினியில் ஆடினால் சரியாக இருக்கிறது. ஆன்லைனில் 30, 40 நொடிக்குள் இரு திரைகளும் வேறு வேறு ஆட்டத்தைக் காட்டுகின்றன (டீசிங்க்). கோடோவிலேயே உள்ள move_and_slide (நகர்வும் மோதலும்), Area2D (தொடுதலைக் கண்டறிவது), அனிமேஷன்பிளேயர் (அசைவுகளை ஓட்டுவது) மூன்றும் பயன்படுத்துகிறோம்.

கடைசியாக, இலவசமாக வெளியிட்டால் அனுமதி தேவைப்படாது என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். சரியா?

பெரம்பூர்_ஃப்ரேம்

வேகத்தை முதலில் பார்ப்போம், மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

செலஸ்ட்டின் பிளேயர் கோடை அதை உருவாக்கியவர்களே பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஓட்டம் நொடிக்கு 90 பிக்சல், டாஷ் (திடீர்ப் பாய்ச்சல்) 240, டாஷ் நேரம் 0.15 நொடி. மோதல் பெட்டி 8×11. திரை 320×180. 11 பிக்சல் உடலை 66 ஆக்கினால் எல்லாம் ஆறு மடங்கு. ஓட்டம் 540, அதாவது ஃப்ரேமுக்கு 9 பிக்சல். டாஷ் ஃப்ரேமுக்கு 24 வீதம் 9 ஃப்ரேமில் 216 பிக்சல். உங்கள் மேடையே 600தான். ஒரே டாஷில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தாண்டிவிடுகிறாள். அந்தக் கேமில் திரை உயரம் 16 உடல்களுக்குச் சமம். உங்கள் திரையில் 8 உடல்தான். விகிதம் தப்பாகப் போனது அங்கேதான்.

மூல கேமிலிருந்து எண்ணை எடுக்காதீர்கள், யார் வேகம் யார் மெதுவு என்ற வரிசையையும் ஒரே கேரக்டரின் வேகங்களுக்கு இடையிலான விகிதத்தையும் எடுங்கள். மேடலினின் டாஷ் அவள் ஓட்டத்தைவிட 2.67 மடங்கு, அந்த விகிதத்தைக் காப்பாற்றினால் அவள் மேடலினாகத் தெரிவாள். ஓட்டத்தை ஃப்ரேமுக்கு 5.5 என்று வைத்தால் டாஷ் சுமார் 14.5, தூரம் 130 பிக்சல். ஆடக்கூடிய அளவு. ஷவல் நைட்டை 4.2-ல் தொடங்குங்கள். வெல்டாரோ தரையில் மெதுவாக இருக்கட்டும், அவன் வித்தை கீழே விழும்போது சுடுவதில்தான்.

எல்லோருக்கும் பொதுவாக வைக்க வேண்டியவையும் உண்டு. தாவுவதற்கு முன் குனியும் ஃப்ரேம்கள், இன்புட் பஃபர் (சற்று முன்பே அழுத்திய பட்டனை நினைவில் வைக்கும் நேரம்), வெறுமனே தரையிறங்கும்போது வரும் தாமதம் ஆகியவை கேரக்டருக்குக் கேரக்டர் மாறினால், ஆடுகிறவர் கேரக்டரை மாற்றும்போதெல்லாம் விரல்களைப் புதிதாகப் பழக்க வேண்டும். ஸ்மாஷ் அல்டிமேட்டில் குனியும் நேரம் எல்லோருக்கும் 3 ஃப்ரேம், பஃபர் 9 ஃப்ரேம். நீங்கள் 4-ம் 6-ம் வைத்துப் பாருங்கள்.

அடி உறைக்காததற்குப் பெரும்பாலும் ஹிட்ஸ்டாப் இல்லாததுதான் காரணம். அடி பட்ட ஃப்ரேமில் அடித்தவரும் அடிபட்டவரும் இருவருமே உறைய வேண்டும். லேசான குத்துக்கு 4 ஃப்ரேம், பலத்த அடிக்கு 10 முதல் 12. அந்த நேரத்தில் அடிபட்டவரின் படத்தை மட்டும் இடவலமாக 2 பிக்சல் ஆட்டுங்கள், ஹர்ட்பாக்ஸை (அடி வாங்கும் பகுதி) ஆட்டாதீர்கள். உறைந்து முடிந்த பிறகுதான் உதை வேகம் (அடிபட்டவர் தூக்கியெறியப்படும் வேகம்) தொடங்கணும்.

இன்னொன்று, Area2D-யின் சிக்னல் ஒரு இயற்பியல் படி தாமதமாகத்தான் வரும். கை முழுதாக நீண்ட படம் 7-ஆம் ஃப்ரேமில், அடி பட்டது 8-ல், ஒலி 9-ல் என்று சிதறினால் பஞ்சுபோலத்தான் இருக்கும். ஹிட்பாக்ஸ்களை (அடிக்கும் பகுதிகள்) வெறும் செவ்வகங்களாக எழுதி, அதே ஃப்ரேமில் நீங்களே ஒப்பிடுங்கள். நான்கு பேர் ஆடினாலும் சில டஜன் ஒப்பீடுகள்தான்.

உதைக்குச் சூத்திரம்: அடிப்படை + (சேதம் × வளர்ச்சி ÷ 100) × 200 ÷ (எடை + 100). அடிப்படையும் வளர்ச்சியும் ஒவ்வொரு அடிக்கும் நீங்கள் வைக்கும் எண்கள். நேராக எடையால் வகுக்காதீர்கள். எடை 80 உள்ளவருக்கு இதில் 1.11 மடங்கு வரும், நேராக வகுத்தால் 1.25 வரும். வெல்டாரோ மாதிரி லேசான கேரக்டர் இரண்டாவது கணக்கில் 60 சதவீத சேதத்திலேயே பறந்துபோவான்.

அடையாறு_ரோல்பேக்

டீசிங்குக்கு மட்டும் சொல்றேன். move_and_slide ஃப்ளோட்ல (தசம எண்ணுல) ஓடுது. ரெண்டு மெஷின்ல ரெண்டு ப்ராசஸர்னா கடைசி தசமத்துல வித்தியாசம் வரலாம், அது நூறு ஃப்ரேம் கழிச்சு ஒரு சுவர்ல மோதுறதா மோதாததான்னு மாறிடும். 30, 40 நொடின்னு நீங்க சொல்றது இதுக்குப் பொருந்துது.

வழி ரெண்டு. ஸ்னோபெக் கேம்ஸோட எஸ்ஜி பிசிக்ஸ் 2டி, கோடோவுக்கான இயற்பியல் ஆட்-ஆன், ஃபிக்ஸ்ட் பாயின்ட்ல (தசமத்தையும் முழு எண்ணா வச்சுக் கணக்கிடுறது) ஓடுறது. அதுல 65536-ன்னா 1. இல்ல, பிளாட்ஃபார்ம் ஃபைட்டருக்கு மேடை செவ்வகம்தானே, முழு எண்ணுல நீங்களே மோதல் எழுதிடலாம், 200 வரிக்குள்ள முடியும். நான் ரெண்டாவதையே சொல்வேன். அதுல என்ன நடக்குதுன்னு உங்களுக்கு முழுசா தெரியும்.

அனிமேஷன்பிளேயர் ஹிட்பாக்ஸை நகர்த்தக்கூடாது. ஸ்டேட்ல (ஆட்டத்தோட அந்த நேர நிலை முழுசும்) ஒரு ஃப்ரேம் எண் இருக்கணும், அதுலேருந்து படமும் ஹிட்பாக்ஸும் வரணும். டைமர் நோடு வேண்டாம், எல்லாம் குறையுற எண்ணிக்கையா இருக்கட்டும். ராண்டம் வேணும்னா அதோட சீடும் (தொடக்க எண்) ஸ்டேட்ல சேரணும். கன்ட்ரோலர் ஸ்டிக்கை அனுப்புறதுக்கு முன்னாடியே எட்டு திசைக்கு மாத்திடுங்க. நாலு பிட் திசை, மிச்சம் பட்டன், மொத்தம் ரெண்டு பைட்டுல அடங்கும். ஒவ்வொரு பாக்கெட்டுலயும் கடைசி 8 ஃப்ரேம் இன்புட்டையும் சேர்த்து யுடிபில அனுப்புங்க, ஒண்ணு ரெண்டு தொலைஞ்சாலும் பரவாயில்ல.

இப்ப ரோல்பேக்குக்கு (எதிராளி இன்புட்டை ஊகிச்சு ஓட்டி, தப்பா இருந்தா பின்னாடி போய்த் திரும்ப ஓட்டுறது) முக்கியமான சோதனை. ஆன்லைனே வேண்டாம், ஒரே மெஷின்ல போதும். ஒவ்வொரு ஃப்ரேமும் ஸ்டேட்டைச் சேமிச்சு, ஒரு ஃப்ரேம் பின்னாடி போய், அதே இன்புட்டோட திரும்ப ஓட்டுங்க. ரெண்டு தடவையும் செக்சம் (ஸ்டேட்டைச் சுருக்கின ஒரு எண்) ஒண்ணா வரணும். ஜிஜிபிஓ-ங்கிற ரோல்பேக் லைப்ரரில இதுக்கு சிங்க் டெஸ்ட்னு பேரு. அதோட மூலக்கோடு 2019-லேருந்து எம்ஐடி உரிமத்துல இருக்கு, படிச்சுப் பாருங்க. செக்சம் உடைஞ்சா, ஸ்டேட்ல எதையோ சேமிக்க மறந்திருக்கீங்க. ஹிட்ஸ்டாப் எண்ணிக்கை, இன்புட் பஃபர், "இந்த அடி ஏற்கனவே இவரைத் தொட்டாச்சு"ங்கிற பட்டியல், இந்த மூணும்தான் அடிக்கடி விட்டுப்போகும். ஆனா இது ஒரே மெஷின்ல நடக்குறதால ஃப்ளோட் தப்பைக் காட்டாது. அதுக்கு ரெண்டு வேற ப்ராசஸர்ல ஒரே ரீப்ளேயை ஓட்டி செக்சம் பார்க்கணும்.

ரோல்பேக் 7 ஃப்ரேம் வரைக்கும்னு வைங்க. மோசமான நேரத்துல 16.67 மில்லிசெகண்டுக்குள்ள 8 தடவை சிமுலேஷன் ஓடணும், திரையில வரையுறதுக்கும் நேரம் விடணும், ஆக ஒரு தடவை 1.5 மில்லிசெகண்டுக்கு மேல போகக்கூடாது.

சென்னை டு சிங்கப்பூர் கடலடிக் கேபிள் நேராவே போகுது. நல்ல லைன்ல போய்வர 35, 40 மில்லிசெகண்ட்தான், ஒரு வழிக்கு ஒரு ஃப்ரேமுக்குச் சற்றே மேல. இன்புட் டிலே 2 ஃப்ரேம் வச்சா ரோல்பேக் கண்ணுக்கே தெரியாது. வைஃபை மட்டும் வேண்டாம். சராசரி பிங் நல்லா இருந்தாலும் நடுவுல குதிக்கும். கேபிள் போடுங்க.

மயிலை_பிட்

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகங்கள். ரோல்பேக் ஆகும்போது அடி ஒலி இரண்டு தடவை கேட்கிறது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டும் வெளியிலிருந்து இணைய முடியவில்லை.

அடையாறு_ரோல்பேக்

ஒலியை சிமுலேஷன் நேரா ஒலிக்கக்கூடாது. "ஃப்ரேம் 812, பிளேயர் 2, பலத்த அடி"ன்னு ஒரு அடையாளம் மட்டும் போடட்டும். வெளியில ஒரு பட்டியல் வச்சு, அதே அடையாளம் ஏற்கனவே ஒலிச்சிருந்தா விட்டுடுங்க. திரும்ப ஓட்டினதுல அந்த அடியே நடக்கலைன்னா, ஒலியை 3 ஃப்ரேம்ல தேய்ச்சு நிறுத்துங்க.

போர்ட் விஷயம் சிஜிநேட், அதாவது நிறைய வீடுகளுக்கு நெட் கம்பெனி ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து தர்றது. இங்க வீட்டு இணைப்பு நிறைய அப்படித்தான், பொது ஐபி உங்களோடதே இல்ல. ரவுட்டர்ல பார்க்குற ஐபி 100.64-லேருந்து 100.127-க்குள்ள தொடங்கினா சந்தேகமே வேண்டாம். ஸ்டீம் நெட்வொர்க்கிங் போட்டீங்கன்னா ரிலே (இடையில நின்னு கடத்திவிடுற சர்வர்) வழியா போயிடும், ஸ்டீமை நடத்துற வால்வுக்கு சென்னையிலயே ரிலே இருக்கு. சோதனைக்கு ஸ்டீமோட மாதிரி கேமான ஆப் ஐடி 480 போதும், ஸ்டீம்ல கேமைச் சேர்க்குற 100 டாலர் கட்டணத்தை அப்புறம் கட்டிக்கலாம்.

வடபழனி_வழக்கு

அனுமதி பற்றி யாரும் தொடவில்லை. உங்கள் நண்பர் சொல்வது சரியில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாடு, ஆய்வு, விமர்சனம் போன்றவற்றுக்குத்தான் விலக்குத் தருகிறது. இலவசமாகப் பொதுவில் விநியோகிப்பது அதில் அடங்காது. பெயருக்கு வணிகச் சின்னச் சட்டம் தனி.

முதலில் உரிமையாளர் யார் என்று பாருங்கள். கேமைச் செய்தவரும் உரிமையாளரும் எப்போதும் ஒருவரல்ல. ஓரி கேம்களைச் செய்தது மூன் ஸ்டுடியோஸ், உரிமை மைக்ரோசாஃப்டிடம். இசை பல நேரம் இசையமைப்பாளரிடமே இருக்கும், கேரக்டருக்கு வந்த அனுமதி பாட்டுக்குச் செல்லாது.

மின்னஞ்சல் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். 20 நொடி வீடியோ ஒன்று இணையுங்கள், ஆனால் அதில் உங்கள் சொந்தக் கேரக்டர் மட்டும் இருக்கட்டும். அவர்களுடையதை அனுமதிக்கு முன்பே வரைந்து காட்டினால் பேச்சு கசப்பில் தொடங்கும். இலவசமா, எந்தத் தளங்கள், யார் வரைவது, அசைவுகளை அவர்கள் பார்த்து ஒப்புதல் தருவார்களா, விலக்கச் சொன்னால் எத்தனை நாளில் விலக்குவீர்கள் என்பதை எழுதுங்கள். ஒப்புதல் எழுத்தில் வர வேண்டும். காலமும் இடமும் அதில் கட்டாயம் இருக்கட்டும். குறிப்பிடாவிட்டால் நம் சட்டப்படி 5 ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்று ஆகிவிடும். உங்கள் சிங்கப்பூர் நண்பர் அதற்கு வெளியே.

பெரம்பூர்_ஃப்ரேம்

இதைப் படித்தபின் ஒன்று தோன்றுகிறது. அனுமதி வரும்வரை உங்கள் சொந்தக் கேரக்டரையே இன்னும் மூன்று விதமாக அமைத்துச் சோதியுங்கள்: ஒன்று டாஷ், ஒன்று கீழ்நோக்கிக் குத்து, ஒன்று கீழே சுடுவது. அனுமதி வந்ததும் படத்தை மாற்றினால் போதும்.

படத்தில் ஒரு எச்சரிக்கை. ஷவல் நைட்டின் திரை 400×240, செலஸ்ட் 320×180. ஒருவரை 3 மடங்கும் இன்னொருவரை 6 மடங்கும் பெரிதாக்கி அருகருகே நிறுத்தினால் பிக்சல் அளவு வேறாகிக் கண்ணை உறுத்தும். இதே வகைக் கேமான ரைவல்ஸ் ஆஃப் ஈதர், பிற கேம்களிலிருந்து வந்த தன் விருந்தினர்களைத் தன் பாணியிலேயே புதிதாக வரைந்தது. இண்டி கேரக்டர்கள் மோதும் ஃப்ரேமேக்கர்ஸ் கேமில் வெல்டாரோ, ஆக்டோடாட், கமாண்டர் வீடியோ மூவரும் ஒரே மேடையில் நிற்பதைப் பாருங்கள், ஒரே கை வரைந்தது தெரியும். உங்களுக்கும் ஒரு பிக்சல் அளவு, ஒரு கோட்டுத் தடிமன், ஒளி வரும் திசை ஒன்று என்று எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு வரையச் சொல்லுங்கள்.

நேரில் நாலு பேரை உட்காரவைத்துச் சோதிப்பதானால், ஒரே கீபோர்டில் இருவரை ஆடவிடாதீர்கள். விலை குறைந்த கீபோர்டில் சில சேர்க்கைகளில் மூன்றாவது விசையே பதியாது, அதைக் கோடின் பிழை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். ரிச்சி தெருவில் கன்ட்ரோலர் வாங்கினால் எக்ஸ்-இன்புட் (விண்டோஸின் கன்ட்ரோலர் முறை) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள், ஸ்டிக்கின் டெட்ஸோனை (சிறு அசைவைக் கணக்கில் எடுக்காத அளவு) 0.25-ல் தொடங்குங்கள். டிவியில் காட்டினால் கேம் மோட் போட மறக்காதீர்கள். அது அணைந்திருந்தால் பல ஃப்ரேம் தாமதம் டிவியிலேயே சேர்ந்து, மேலே சொன்ன பஃபர் எண்களை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

மயிலை_பிட்

சிங்க் டெஸ்ட் ஓட்டிப் பார்த்தேன். 212-ஆம் ஃப்ரேமில் செக்சம் உடைந்தது. "ஏற்கனவே தொட்டாச்சு" பட்டியல்தான் சேமிக்கப்படாமல் இருந்தது. சேர்த்தபின் 10,000 ஃப்ரேம் சுத்தமாக ஓடுகிறது. அடுத்து move_and_slide-ஐ நீக்கி முழு எண் மோதலை எழுதுகிறோம்.