மாவு யூனிட்டில் மோட்டார் அடிக்கடி எரிகிறது, எதை வாங்குவது?

மதுரைப் பக்கம் இட்லி, தோசை மாவு அரைத்துப் பாக்கெட் போடும் யூனிட் நடத்துகிறோம். கிரைண்டரை ஓட்டும் மோட்டார் சில மாதத்துக்கு ஒருமுறை காயில் எரிந்து நின்றுவிடுகிறது.

3 எச்பி, த்ரீ பேஸ், 1440 ஆர்பிஎம், வார்ப்பிரும்பு பாடி, ஐபி55 (தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு காக்கும் என்பதற்கான தரக் குறியீடு). தினமும் வேலை முடிந்ததும் பிரஷர் வாஷரில் வெந்நீர் அடித்துக் கழுவுகிறோம். மாவு காய்ந்து புளித்துவிடும் என்பதால் அதை நிறுத்தவும் முடியாது. எரிவதற்கு முன்பே சத்தம் வரும். பிரித்தால் ஷாஃப்ட் பக்கத்து பேரிங்கில் கிரீஸ் பால் மாதிரி வெளுத்திருக்கும். காயிலின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் மீட்டர் வைத்தால் 1 மெகா ஓம் கூடக் காட்டாது.

ரீவைண்டிங், ரப்பர் சீல் பேரிங், டெர்மினல் பாக்ஸுக்கு சிலிகான், புது கேபிள் கிளாண்ட் எல்லாம் பார்த்தாயிற்று. பாலித்தீன் கவர் மாட்டினால் சூடேறி ஓவர்லோட் ட்ரிப் ஆகிறது. போதாததற்கு ஃபேன் கவரில் பெயின்ட் உரிகிறது. அது மாவில் விழுந்தால் கதை முடிந்தது.

கடைக்காரர் ஐபி66 போதும் என்கிறார். ரீவைண்டிங் செய்பவரோ ஐபி69 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் என்கிறார். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

இப்படி வெந்நீர் பிரஷரில் கழுவும் இடத்தில் ஐபி66 மோட்டார் ஓட்டியவர்கள் யாராவது இருந்தால், எவ்வளவு காலம் தாங்கியது என்று சொல்வீர்களா?