கருஞ்சீரக எண்ணெய் குடித்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

எங்கள் அத்தாவுக்குச் சர்க்கரை வந்து பல வருடமாகிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். கருஞ்சீரகம் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டு என்ற நபிமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் விதையைக் கொஞ்சம் வாயில் போட்டு மெல்வது வேறு, தினமும் வெறும் வயிற்றில் எண்ணெயாகவே குடிப்பது வேறு. பள்ளிவாசலில் யாரோ சொன்னார்கள் என்று குடிக்கத் தொடங்கினார். ஒரே காட்டம். நாள் முழுக்க ஏப்பத்தில் அதே வாடை.

வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியது உண்மைதான். ஆனால் அதே சமயத்தில் ராத்திரிச் சோற்றைக் குறைத்தார், அஸர் தொழுதுவிட்டு நடக்கவும் செய்தார். பெயர் மட்டும் எண்ணெய்க்குப் போய்விட்டது!

ஒரு நாள் மதியச் சாப்பாடு தள்ளிப்போனது. வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, மீட்டரில் பார்த்தால் 58. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்த பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது. கிளிமிபிரைடு கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அதுவே தனியாகச் சர்க்கரையை இறக்கிவிடும், இதில் எண்ணெயின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இப்போதைக்கு எண்ணெயை நிறுத்தியிருக்கிறோம்.

—

எங்கள் மாமியார் கதை இதற்கு நேர் எதிர், அக்கா. அவருக்கு வெந்தய எண்ணெய். விற்றவர் "மாத்திரையே வேண்டாம்மா" என்று சொல்ல, இவரும் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிட்டார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.4-லிருந்து 10.1-க்கு ஏறிய பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். வெந்தயத்தை ஊறவைத்தால் கொழகொழவென்று வருகிறதே, அந்த நார்ச்சத்துதான் சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. எண்ணெயாக எடுத்தால் நார் ஏது? கூடவே எந்த எண்ணெயானாலும் ஒரு டீஸ்பூனுக்குச் சுமார் 40 கலோரி. உடம்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இப்போது மாத்திரையோடு ஊறவைத்த வெந்தயம் கொடுக்கிறோம், டாக்டருக்கும் தெரியும்.

—

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். குடித்தே தீருவேன் என்பவர்கள் முதலில் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். தலைக்குத் தேய்க்கிற கருஞ்சீரக எண்ணெயும் ஏறக்குறைய இதே மாதிரி பாட்டிலில்தான் வருகிறது. உணவாக விற்பது என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். போன மாதம் ஒரு பெரியவர் பாதி காலியான பாட்டிலைக் கொண்டுவந்து இன்னொன்று கேட்டார். "வெளி உபயோகத்துக்கு மட்டும்" என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.