திருச்சியில் சில்லிட்ட பானைத் தண்ணீர் சென்னையில் குளிராதது ஏன்?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டிய நடையில் பத்து லிட்டர் கொள்ளும் மண்பானை ஒன்று பல கோடைகளாக இருந்து வந்தது. சித்திரை வெயிலில் வெளியே போய்விட்டு வந்து அதில் ஒரு சொம்பு மொண்டு குடித்தால் பல் கூசும். சென்ற மாதம் அம்மா எங்களோடு தங்குவதற்காகச் சென்னைக்கு வந்தபோது, அந்தப் பானையை வைக்கோல் சுற்றி, பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் எங்கள் அடுக்ககத்தில், சமையலறை மூலையில் அதை வைத்திருக்கிறோம். அதே பானைதான்; ஆனாலும் தண்ணீர் குழாய்த் தண்ணீரைவிடச் சற்றே குளிர்ச்சியாக இருக்கிறதே தவிர, பழைய சில்லிப்பு இல்லை. பானை பழசாகிவிட்டது என்று அம்மா வருந்துகிறார். வெயில் திருச்சியில்தான் அதிகம். அப்படியிருக்க, அங்கே நன்றாகக் குளிர்ந்த தண்ணீர் வெயில் குறைந்த இங்கே ஏன் குளிரவில்லை என்பது எனக்குப் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் அம்மாவிடம் சொல்வேன்.

இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு):

வணக்கம். பானையின் மேல் குற்றம் இருக்க வாய்ப்பு குறைவு என்பதைத் தங்கள் தாயாரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் பானையின் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் நீரிலிருந்தும் அது எடுத்துக்கொள்கிறது. இந்த உள்ளுறை வெப்பம் மிகப் பெரியது. அறை வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி குறைக்க 4.2 ஜூலை நீக்கினால் போதும். ஆகவே பத்து லிட்டர் நீரைப் பத்து டிகிரி குளிர்விக்க, கணக்குப்படி சுமார் 175 கிராம், அதாவது ஒரு தம்ளர் அளவு நீர் ஆவியானால் போதுமானது. சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பம் ஓயாமல் பானைக்குள் வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே ஆவியாகும்.

இனி தங்கள் கேள்விக்கு வருகிறேன். நீர் எவ்வளவு விரைவாக ஆவியாகும் என்பதைத் தீர்மானிப்பது வெயில் மட்டுமன்று. காற்றில் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதும்தான். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியைக் காற்றோட்டத்தில் வைத்தால் அது காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். வானிலை நிலையங்களில் ஈரப்பதத்தை அறிய இதைத்தான் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். எவ்வளவு நல்ல பானையாக இருந்தாலும் அந்த அளவுக்குக் கீழே நீரைக் குளிர்விக்க இயலாது. திருச்சியில் 39 டிகிரி வெயிலும் 25 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பிற்பகலில் அந்த எல்லை ஏறக்குறைய 24 டிகிரி. சென்னையில் கடற்காற்று வீசும் மாலையில் 34 டிகிரியும் 70 விழுக்காடும் இருந்தால் எல்லை 29 டிகிரி. அங்கே பதினைந்து டிகிரி வரை இறங்க இடம் இருக்கிறது, இங்கே ஐந்துதான். ஈரத் திண்டு வழியே காற்றை இழுக்கும் ஏர் கூலர் உள்மாவட்டங்களில் நன்றாக உழைப்பதும், சென்னையில் புழுக்கத்தைக் கூட்டுவதும் இதே காரணத்தால்தான்.

மானாமதுரை மண்:

ஆசிரியர் ஐயா சொன்னது முற்றிலும் சரி. பானை செய்யும் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். கண்மாய் மண்ணோடு மணலைக் கலந்து மிதிப்பதே, சூளையில் வெடிக்காமல் இருக்கவும் சுட்ட பிறகு நீர் கசியவும்தான். வெளியே பளபளப்பாக வண்ணப்பூச்சு அடித்த பானைகள் பார்வைக்கு அழகாக இருக்கும். பூச்சு துளைகளை அடைத்துவிடுவதால் அவற்றில் தண்ணீர் குளிராது. உங்கள் பானை அப்படிப்பட்டதன்று என்றே நினைக்கிறேன்.

ஆனால் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். பானையின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பு, நீர் ஆவியாகும் இடத்தில் படிந்துவிடும். நாளடைவில் துளைகள் அடைபடும். தேங்காய் நார் கொண்டு வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு மட்டும் வேண்டாம், மண் அதைக் குடித்துவிட்டுப் பிறகு தண்ணீரில் கக்கும். அடுத்தது, வைக்கும் இடம். கருங்கல் மேடையில், காற்று புகாத மூலையில் வைத்தால் பானையைச் சுற்றியுள்ள காற்று விரைவில் ஈரமாகி அங்கேயே தேங்கிவிடும். எங்கள் வீட்டில் மணல் குவித்து, அதை நனைத்து, அதன்மேல்தான் பானையை வைப்போம். அடிப்பகுதியும் குளிரும், கசிந்த நீரும் வீணாகாது.

வடக்கு வாசல்:

இதே உத்தியைக் காய்கறி காக்கவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். நைஜீரியாவின் வடபகுதியைச் சேர்ந்த முகமது பா அப்பா என்ற ஆசிரியர், ஒரு பானைக்குள் இன்னொரு பானையை வைத்து, இடைவெளியை ஈர மணலால் நிரப்பி, மின்சாரம் இல்லாத சிற்றூர்களுக்கு வழங்கினார். அதற்காக 2000ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருது பெற்றார். அதுவும் வறண்ட காற்றுள்ள நிலப்பகுதி என்பதைக் கவனிக்க வேண்டும்.

காவிரிக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பானையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, பால்கனியை ஒட்டிய சன்னலோரம் மணல் தட்டின்மேல் வைத்தேன். இரண்டு வெப்பமானிகளை வாங்கி, ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிப் பத்து நாள் குறித்துவந்தேன். பெரும்பாலான நாள்களில் அறை 33, ஈரத்துணி 28, பானை நீர் 29 என்ற அளவிலேயே இருந்தது. ஆனால் சென்ற செவ்வாய்க்கிழமை மேற்குக் காற்று பலமாக வீசி, கடற்காற்று மாலை வரை உள்ளே வரவேயில்லை; நகரமே 40 டிகிரியில் தகித்தது. அன்று ஈரத்துணி வெப்பமானி 26 காட்டியது, பானை நீர் 27. அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு, இது நம் ஊர்த் தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்றார். ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: புழுக்கமான நாள்களில் மின்விசிறியைப் பானையின் பக்கம் திருப்பி வைத்தால் 28க்கும் கீழே இறங்குமா?

இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு):

தாங்கள் அளந்து பார்த்தது பெரிதும் மகிழ்ச்சி தருகிறது. விசிறி, பானையைச் சுற்றித் தேங்கும் ஈரக் காற்றை அகற்றுவதால் நீர் தன் எல்லையை விரைவாக அடையும். பானைக்கும் ஈரத்துணிக்கும் இடையிலுள்ள அந்த ஒரு டிகிரி வேறுபாடும் ஓரளவு குறையலாம். 28க்குக் கீழே மட்டும் இறங்காது, ஏனெனில் விசிறி காற்றை நகர்த்துகிறதே ஒழிய உலர்த்துவதில்லை. ஆகவே புழுக்கமான நாள்களில் அதற்காக மின்சாரத்தைச் செலவிட வேண்டாம். நள்ளிரவில் ஒருமுறையும் விடியற்காலையில் ஒருமுறையும் இரு வெப்பமானிகளையும் குறித்துப் பாருங்கள். அறையின் வெப்பநிலை குறையும்போது ஈரத்துணியின் அளவு எவ்வளவு குறைகிறது என்பதை அறிய எனக்கும் ஆவலாக இருக்கிறது.